தண்டனைப் பெட்டியில் ரைம்கீப்பர்

டென்மார்க்காரருக்கு நேரம் தவறாமை என்றால் என்னவென்று படிப்பித்த ஒரே தமிழர் எங்கள் ரைம்கீப்பர்தான். சிரிக்க வேண்டாம். அவர்கள் நேரத்துக்குப் பேர்போன சனம், நாங்கள் தாலி கட்டி முடிந்த பிறகு கலியாண வீட்டுக்குப் போய்ச் சேருகிற சனம் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் எண்பதுகளின் நடுவில், மேற்கு யூலாந்தில், ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு சின்ன ஊரில், ஒரு குளிர்காலம் முழுவதும் ஊர்ச்சனம் ஒரு யாழ்ப்பாணத்து மனிதரின் கைக்கடிகாரத்தை நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நானும் நின்றேன். கடைசி நாளில் நான் செய்த காரியத்துக்கு இன்றும் வெட்கப்படுகிறேன். அதையும் சொல்லத்தான் போகிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைப் பாவிக்கவில்லை. ஊரில் பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடம் ரைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, எத்தனை மணிக்குத் திரும்பி வந்தது என்று புத்தகத்தில் குறித்து, விசில் ஊதி அனுப்புகிற வேலை. டிப்போ எரிந்த நாளோடு வேலை போய்விட்டது. பட்டப் பெயரும், கைக்கடிகாரமும், விசிலும் மட்டும் அவரோடு விமானம் ஏறி வந்து சேர்ந்தன.

பூட்டிக் கிடந்த ஒரு பழைய விடுதியில் கொமூன், அதாவது அந்த ஊர் நகரசபை, எங்கள் பதினொரு பேரை இருத்தியிருந்தது. பதினொரு பேருக்கும் ஒரே குளியலறை. ரைம்கீப்பர் வந்த மூன்றாம் நாள் காலை, குளியலறைக் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. யார் எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே என்று பஸ் அட்டவணை மாதிரி எழுதியிருந்தது. எனக்கு ஆறு இருபத்தெட்டிலிருந்து ஆறு முப்பத்தாறு வரை. ஆறு முப்பத்தைந்துக்குக் கதவுக்கு வெளியே விசில் ஊதும்.

"அண்ணை, முகத்தில சவர்க்காரம் கிடக்குது," என்று உள்ளேயிருந்து கத்துவேன்.

"அது உம்மட பிழை, தம்பி. அடுத்த ஆள் வந்து நிக்கிறார்."

சவர்க்கார முகத்தோடு வெளியே வந்து குசினியில் கழுவிய நாட்கள் உண்டு. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவன். விசிலுக்குப் பயந்து குளிக்க வேண்டி வந்ததே என்று கொதிப்பேன். ஆனால் அந்தக் கடதாசி ஒட்டிய பிறகு அந்த விடுதியில் குளியலறைக்காக ஒரு சண்டை நடக்கவில்லை. தனக்கென்று ஒதுக்கிய எட்டு நிமிஷத்துக்கு மேல் அவரும் ஒரு நாளும் எடுக்கவில்லை.

மொழிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ் காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு. ஒரு நாள் அது ஏழு ஐம்பத்து மூன்றுக்கு வெளிக்கிட்டது. ரைம்கீப்பர் ஏறும்போதே டிரைவருக்கு முன்னால் கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார். நேரம் கேட்கிறார் என்று நினைத்து டிரைவர் நேரம் சொன்னார். அடுத்த நாளும் காட்டினார். மூன்றாம் கிழமை, டிரைவர் ரைம்கீப்பரின் கையைப் பிடித்துப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டுதான் பஸ்ஸை எடுத்தார். அதற்குப் பிறகு அந்த பஸ் பிந்தியதை நான் காணவில்லை. நான்தான் இரண்டு தரம் தவறவிட்டேன்.

அவருடைய அகதி விசாரணைக் கதை இன்னும் பெரியது. அந்தக் காலத்தில் விசாரணைக்கு முதல் நாள் எல்லோரும் தேதிகளைப் பாடமாக்குவோம். சொல்வதில் ஒரு நாள் மாறினாலும் நம்ப மாட்டார்கள் என்று ஒருவருக்கொருவர் பயம் காட்டிக்கொண்டிருந்தோம். நான் வீட்டை விட்டு வெளிக்கிட்ட மாதத்தையே மாற்றிச் சொல்லிவிட்டு வந்தவன். பொய் சொல்லவில்லை, அந்த நாட்கள் என் தலைக்குள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அதனால் எட்டு மாதம் பதிலுக்காகக் காத்துக் கிடந்தேன். ரைம்கீப்பர் தன் விசாரணை முடித்து வந்து, தேத்தண்ணி குடித்தபடி நடந்ததை எங்களுக்குச் சொன்னார்.

"அந்த அதிகாரி கேட்டார், கிட்டத்தட்ட எத்தனை மணிக்கு டிப்போ எரிஞ்சது எண்டு. நான் சொன்னன், சேர், கிட்டத்தட்ட எண்டு ஒரு நேரம் இல்லை. நாலு பன்னிரண்டுக்கு ட்ரக் வந்தது. நாலு பதினாலுக்குப் பெற்றோல் மணத்தது. நாலு பதினெட்டுக்குக் கூரை பத்தினது. நாலு இருபத்தொண்டுக்கு நான் பின்மதில் பாய்ஞ்சன்."

"பிறகு?"

"பிறகென்ன. அவர் பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிசம் பத்துச் செக்கன்."

மூன்றே மாதத்தில், அவர் இந்த நாட்டில் இருக்கலாம் என்று கடிதம் வந்துவிட்டது. இனி மனைவி செல்வராணியையும் மாலினி, சுகந்தி என்ற இரண்டு பெண்பிள்ளைகளையும் கூப்பிட வேண்டியதுதான். அதற்கு நாலு பேர் இருக்கக்கூடிய ஒரு வீடு காட்ட வேண்டும் என்றார் கொமூனில் இருந்த பெண். அந்த ஊரில் காலியாக ஒரு கோழிக்கூடுகூட இல்லை. ஒரு வருடம் போனது. ஊரிலிருந்து வருகிற கடிதங்களில் சுகந்தியின் கையெழுத்து வரவர நேராகிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துத்தான் பிள்ளை வளருகிறாள் என்று தெரிந்துகொண்டார். அவருக்கு வேண்டியது ஒரு வீடு. இந்தக் கதை முழுக்க அதை ஞாபகத்தில் வைத்திருங்கள், ஏனென்றால் அவர் ஒருவர்தான் அதை மறந்தவர் போல நடந்துகொண்டார்.

இந்த நேரத்தில்தான் ஐஸ் ஹொக்கி லீக்கைப் பெருப்பித்தார்கள். அதுவரை பெரிய ஊர்க் கழகங்கள் மட்டும் தங்களுக்குள் விளையாடிக்கொண்டிருந்தன. சனம் கூட வருகிறது, இன்னும் இரண்டு கழகங்களைச் சேர்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். அப்படி உள்ளே இழுக்கப்பட்டதுதான் எங்கள் ஊர்க் கழகம். பெரிய ஊர்க்காரர் ஒரு ரொட்டிக்குப் பிசைந்த மாவில் மூன்று ரொட்டி தட்டுகிறார்கள் என்று பேப்பரில் புறுபுறுத்தார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை. எங்கள் விளையாட்டு மண்டபம் முந்தி உழவு இயந்திரங்கள் நிறுத்தி வைத்த கொட்டகை. பனித்தளம் ஒரு பக்கம் சரிவு. கூரையில் புறா. சம்பளம் வாங்கி விளையாடுகிற லீக் என்று பெயர். எங்கள் கழகத்தில் முழுச் சம்பளம் வாங்கியவன் ஒரு கனேடியன் மட்டும். மற்றவர்கள் பகலில் மரம் அறுத்தார்கள், பால் வண்டி ஓட்டினார்கள். பருவ முடிவில் கடைசியாக வருகிற கழகம் மறுபடி கீழே போக வேண்டும் என்பது நிபந்தனை.

எனக்கு ஐஸ் ஹொக்கி பிடிக்காது. அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. வெளியே மைனஸ் எட்டு, மண்டபத்துக்குள்ளே மைனஸ் நாலு. அந்த நாலு பாகை வித்தியாசத்துக்காகவும் இலவசக் கோப்பிக்காகவும் போனோம். முதல் நாளே ரைம்கீப்பர் பந்தைப் பார்க்கவில்லை. அது பந்துமில்லை, கறுப்பு றப்பர் வட்டு. அதையும் அவர் பார்க்கவில்லை. தளத்தின் ஓரத்தில் இருந்த ஒரு மரப்பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தடியால் அடிக்கிறவன், காலைத் தட்டுகிறவன் எல்லோரையும் நடுவர் அந்தப் பெட்டிக்குள் அனுப்புவார். இரண்டு நிமிஷம் உள்ளே இருக்க வேண்டும். அதுவரை அவனுடைய கட்சி ஓர் ஆள் குறைவாக விளையாடும். கதவடியில் ஒரு கிழவர் அரைத்தூக்கத்தில் இருந்தார்.

ரைம்கீப்பர் எழும்பினார். "தம்பி, வாரும். அந்த மனுசன் ஆளை நாலு செக்கன் பிந்தி விட்டிட்டார்."

"இருங்கோ அண்ணை. எங்களுக்கென்ன?"

"நாலு செக்கன், தம்பி. அந்தப் பெடியன்ர நாலு செக்கன்."

மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போய், கழகத் தலைவருக்கு முன்னால் கடிகாரத்தை நீட்டினார். தலைவர் உழவு இயந்திரம் விற்கிற மனிதர், கதவு நிலையை நிரப்பிக்கொண்டு நிற்கிற உடம்பு. அந்த நாட்டில் கழக வேலைகள் எல்லாம் ஊர்ச்சனம் சும்மா செய்து கொடுக்கிற வேலைகள்தான். கதவுக்கு ஆள் கிடைக்காமல் தலைவர் அந்தரப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை ரைம்கீப்பர் கழுத்தில் கழகத்தின் நிறுத்தற்கடிகாரம், கையில் தன் கடிகாரம், தலையில் குரங்குத் தொப்பியோடு தண்டனைப் பெட்டிக்குள் இருந்தார். பக்கத்தில் நான்.

எங்கள் கொட்டகையில் இரண்டு கட்சிக்கும் ஒரே பெட்டிதான். நடுவில் ஒரு பலகை. பலகையின் மேல் ரைம்கீப்பர் இருப்பார். இடப்பக்கம் எங்கள் ஆள், வலப்பக்கம் எதிராளி. உள்ளே வருகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு, வியர்த்து, தூஷணத்தோடு வருவான். ரைம்கீப்பர் அவனுக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுப்பார். பிறகு கடிகாரத்திலிருந்து கண்ணெடுக்காமல் சொல்வார்:

"இன்னும் கொஞ்ச நேரம்தான், தம்பி."

தமிழில்தான். அதோடு விட்டால் பரவாயில்லை. பிறகு கதை தொடங்கும். செல்வராணி எப்படி இருப்பா, மாலினிக்குக் கணக்கு எவ்வளவு நன்றாக ஓடும், சுகந்திக்குப் பால் குடித்தால் ஏன் ஒத்துவராது, எல்லாம். நாங்கள் பத்துப் பேரும் இந்தக் கதைகளை ஆளுக்கு இருபது தரம் கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறந்தாலே சட்டி கழுவப் போய்விடுவோம். இங்கே அவருக்கு எழும்பிப் போக முடியாத ஆட்களாகப் பார்த்து, இரண்டு நிமிஷத்துக்கு ஒருவர் என்று கொண்டுவந்து அடைத்தார்கள். நேரம் முடிகிற செக்கனில் கதை எந்த இடத்தில் நின்றாலும் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து, தலையைக் குனிந்து "வேஷ்கோ" என்பார். டேனிஷில் அது 'இந்தாருங்கள், வாருங்கள்' எல்லாவற்றுக்கும் பொதுவான மரியாதைச் சொல். அடிபட வந்த முரடர்களும் "தக்" என்று நன்றி சொல்லிவிட்டு ஓடினார்கள்.

ஒரு நாள் கனேடியனும் எதிர்க்கட்சி ஆள் ஒருவனும் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு மூக்கில் இரத்தம் வர அடிபட்டார்கள். இருவருக்கும் ஐந்து நிமிஷம். பலகைக்கு இரண்டு பக்கமும் இருவர், நடுவில் ரைம்கீப்பர்.

"ரொறன்ரோவில என்ர மச்சான் ஒருத்தர் இருக்கிறார். உமக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்று கனேடியனை இங்கிலிஷில் கேட்டார்.

கனேடியன் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, தான் வேறு ஊர் என்றான். ரைம்கீப்பர் பரவாயில்லை என்று இரண்டு பேருக்கும் பெப்பர்மின்ட் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக் கிணறு வெட்டிய கதையைத் தமிழில் எடுத்தார். இரண்டு நிமிஷக் கணக்கில் பாறையோடு நின்றுபோகிற அந்தக் கதை, அன்றைக்குத்தான் தண்ணீர் வரைக்கும் போனது.

ஆனால் அவருடைய முதன்மையான விருந்தாளி பாண்காரன். ஊர் வெதுப்பகத்தில் வேலை செய்கிற, ஆறடி நாலங்குலத்துப் பின்காப்பாளன். அந்த வெதுப்பகம் அவனுடைய தாயுடையது. பாண் போடுகிறவன் என்பதால் எங்களுக்குப் பாண்காரன். விடிய மூன்று மணிக்கு எழும்பி மாவோடு மல்லுக்கட்டிவிட்டு வருவதால், ஆட்டத்தில் நித்திரைக் கலக்கமும் கோபமும் சேர்ந்து யாரையாவது மோதிவிடுவான். ஆட்டத்துக்கு இரண்டு தரம், சில நாள் மூன்று தரம் உள்ளே வருவான். வந்து இருந்ததும் கையை நீட்டுவான், பெப்பர்மின்டுக்கு. அவன் ஊமை மாதிரி. தாயோடுகூட நாளைக்கு நாலு சொல்தான் கதைப்பான் என்று ஊரில் சொல்வார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க அவன் எங்கள் ரைம்கீப்பரின் குடும்பக் கதையை, ஒரு சொல்லும் விளங்காமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். விளங்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

பங்குனி வந்தது. கழகம் கடைசிக்கு முதல் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி ஆட்டம் எங்கள் கொட்டகையில், எங்களுக்கு நேர்கீழே இருந்த கழகத்தோடு. தோற்றால் நாங்கள் கீழே. சமமாக முடிந்தாலே போதும், தப்பிவிடுவோம். அந்தக் கிழமை தலைவர் எங்கள் விடுதிக்கு வந்தார். தன் வீட்டு மேல்மாடி மூன்று அறையோடு சும்மா கிடக்கிறது, பருவம் முடிந்ததும் ரைம்கீப்பர் வந்து பார்க்கட்டும் என்றார்.

"நீங்கள் எங்களில் ஒருவர்," என்றும் சொன்னார். நான்தான் மொழிபெயர்த்தேன். ரைம்கீப்பர் உடனே அறைக்குள் போய், செல்வராணிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். அவருக்கு இனி என்ன குறை என்று பதினொரு பேருமாகச் சேர்ந்து பாயாசம் காய்ச்சினோம்.

ஞாயிறு மத்தியானம் ஆட்டம். ஊரில் நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நாலுக்கு நாலு. முடிய ஏழு நிமிஷம் இருக்கும்போது சுவரில் ஆட்ட நேரத்தையும் தண்டனை நேரத்தையும் காட்டிய மணிப்பலகை பொக்கென்று அணைந்தது. தலைவர் அதற்கு இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். எரியவில்லை. ஆட்ட நேரத்தை மேசையில் நடுவரின் ஆளும், தண்டனை நேரத்தை ரைம்கீப்பரும் கையால் பார்க்கட்டும் என்று முடிவானது. முடிய இரண்டரை நிமிஷம் இருக்கும்போது பாண்காரன் ஒருவனைச் சுவரோடு சேர்த்து அப்பினான். நடுவர் கையைத் தூக்கினார். இரண்டு நிமிஷம்.

பாண்காரன் வந்து இருந்தான். கையை நீட்டவில்லை. ரைம்கீப்பர் தானே பெப்பர்மின்டை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம்தான், தம்பி."

அன்றைக்குக் கதை சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் நாலு பேர், அவர்கள் ஐந்து பேர். வட்டு எங்கள் கோலடியிலேயே நின்றது. ஒன்றரை நிமிஷம் போயிருக்கும். தலைவர் பின்பக்கத்தால் வந்து பெட்டிக்குள் குனிந்தார். அவருடைய மூச்சு புகை புகையாக வந்தது.

"லுக் ஒப்," என்றார். திற என்று அர்த்தம்.

ரைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தபடி, "இருபத்தைஞ்சு செக்கன் இருக்கு எண்டு சொல்லும்," என்றார்.

நான் சொன்னேன். தலைவர் இருண்டு கிடந்த பலகையைக் கையால் காட்டினார். யாருக்கும் தெரியாது என்று அதற்கு அர்த்தம். அது உண்மை. எதிர்க் கழகத்துக்கும் தெரியாது, நடுவருக்கும் தெரியாது. அந்தக் கொட்டகையில் அந்த இருபத்தைந்து செக்கன் ஒரே ஒரு மனிதரின் கையில் இருந்தது.

"அண்ணை, திறவுங்கோ," என்றேன். "மேல்மாடி அண்ணை. பிள்ளையள்."

அவர் அசையவில்லை. நான் சொல்கிறேன் என்று சொன்னது இதைத்தான்: என் கை தாழ்ப்பாளுக்குப் போனது. அவர் திரும்பியும் பார்க்காமல் என் மணிக்கட்டைப் பிடித்தார். நோகப் பிடிக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை. என் கையையும் கடிகாரத்தையும் சேர்த்துப் பிடித்தபடி இருந்தார். பாண்காரன் எங்கள் இரண்டு பேரின் கையையும் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது கொட்டகை ஒரு முனகல் முனகியது. கோல் விழுந்துவிட்டது. நாலுக்கு ஐந்து.

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. இரண்டு நிமிஷத் தண்டனையில் ஆள் உள்ளே இருக்கும்போது எதிர்க்கட்சி கோல் போட்டால், மிச்சத் தண்டனை தள்ளுபடி. ரைம்கீப்பர் நிறுத்தற்கடிகாரத்தை அமத்தினார். பதினேழு செக்கன் மிச்சம். தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்து, தலையைக் குனிந்து, "வேஷ்கோ" என்றார்.

ஆட்டம் முடிய நாற்பத்தேழு செக்கன் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். தலைவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, அணைந்த பலகையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். மேல்மாடியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயெடுக்கவில்லை.

விடுதிக்கு நடந்து வரும் வழியில் எனக்குத் தாங்க முடியவில்லை.

"ஊரோட ஒத்துப்போகத் தெரியாத மனுசன் நீங்கள். இருபத்தைஞ்சு செக்கன். உங்கட பிள்ளையளை விடப் பெரிசோ?"

அவர் நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை, மெதுவாகக் கதைத்தார்.

"தம்பி, இந்த நாட்டில எனக்கு ஒரு கடுதாசி இல்லை, ஒரு சாட்சி இல்லை. டிப்போப் புத்தகமும் எரிஞ்சிட்டுது. நாலு பன்னிரண்டு எண்டு சொன்னன், அந்தாள் நம்பினார். என்ர நேரத்தை நம்பித்தான் என்னை இஞ்ச வைச்சிருக்கினம். இண்டைக்கு இருபத்தைஞ்சு செக்கன் பொய் சொன்னனெண்டால், அந்த நாலு பன்னிரண்டும் பொய்யாப் போயிடும்."

நான் அவரை விட்டுவிட்டு விறுவிறென்று முன்னால் நடந்தேன். அவர் சொன்னது அப்போது எனக்கு விளங்கவில்லை, கோபம்தான் இருந்தது. அன்றைக்கு விடுதியில் ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. எங்களில் மூத்தவர் ஒருவர் மட்டும், "பேயன்," என்று சட்டியைப் பார்த்துச் சொன்னார். ரைம்கீப்பர் தன் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். செல்வராணிக்கு எழுதிய கடிதம் அரைகுறையாக மேசையில் கிடந்தது.

மறுநாள் காலை, குளியலறையில் என்னுடைய முறை. விசில் ஊதவில்லை. அது ஊதாதது எனக்கு என்னவோ செய்தது. அவசரமாகக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் பாண்காரன். உடம்பெல்லாம் மா, கையில் ஒரு பை நிறையச் சுடச்சுடப் பாண். ரைம்கீப்பரைக் கூட்டிவா என்று சைகை காட்டினான். அவர் வந்தார், தலைகுனிந்து. பாண்காரன் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினான். நான் கேட்ட அவனுடைய மிக நீண்ட பேச்சு அது.

"நான் இந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் என்னை ஒரு செக்கன்கூட முந்தி விடவில்லை. ஒரு செக்கன்கூடக் கூடுதலாக வைத்திருக்கவும் இல்லை. வெதுப்பகத்துக்கு மேலே மாமூட்டை அடுக்குகிற மூன்று அறை இருக்கிறது. அம்மாவிடம் கேட்டுவிட்டேன். மூட்டைகளை இன்றைக்கு இறக்குவோம்."

மொழிபெயர்க்கத் தொடங்கினேன். மூட்டைகள் வரைக்கும் வரவில்லை. ரைம்கீப்பருக்கு அதற்குள் விளங்கிவிட்டது. வழக்கம்போலக் கையைப் பார்த்தார், நேரம் பார்க்க. கடிகாரம் கட்டாமல் வந்திருந்தார்.

பதினொரு பேரும் போய் மூட்டை இறக்கினோம். நான் மற்றவர்களைவிட இரண்டு மூட்டை கூட இறக்கினேன். பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு வெள்ளை அடித்தபோது தலைவர் வந்து வாசலில் நின்றார். ஒரு கட்டிலும் இரண்டு கதிரையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்திருந்தார். இறக்கிவிட்டு, போகும்போது, "கீழ் லீக்கிலும் தண்டனைப் பெட்டி உண்டு," என்றார். "புரட்டாதியில் தொடங்கும். இரண்டு மணிக்கு."

"சரியா ரெண்டோ எண்டு கேளும், தம்பி," என்றார் ரைம்கீப்பர்.

ஆவணியில் செல்வராணியும் பிள்ளைகளும் வந்தார்கள். கொப்பன்ஹேகனிலிருந்து வருகிற ரயில் இரண்டு நாற்பத்தொன்றுக்கு. நாங்கள் ஒன்றரைக்கே ஹொல்ஸ்டெப்ரோ ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம். பாண்காரன் பாண்பையோடு ஒரு பக்கமாக நின்றான். இரண்டு நாற்பத்தொன்று ஆனது. ரயில் இல்லை. இரண்டு நாற்பத்து நாலு. இல்லை. இருபத்தாறு வருடம் பஸ்களை அனுப்பிய மனிதர் மேடையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு நடந்தார். கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். வழியில் ஏதோ நடந்துவிட்டது, விமானத்திலிருந்தே இறக்கியிருக்க மாட்டார்கள் என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். நாங்கள் பத்துத் தமிழர் நின்றோம். ஒருவரும் அவருக்குக் கிட்டப் போகவில்லை, தண்டவாளத்தை எட்டி எட்டிப் பார்த்தோம்.

பாண்காரன் பையை என்னிடம் தந்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றான். ஒரு பெப்பர்மின்டை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தான். பிறகு, ஐம்பது வயது மனிதரின் தோளில் கை வைத்து, சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் சொன்னான்:

"இன்னும் கொஞ்ச நேரம்தான், தம்பி."

இரண்டு நாற்பத்தொன்பதுக்கு ரயில் வந்தது. முதலில் ஒரு பெட்டி இறங்கியது, பிறகு செருப்புக் காலோடு ஒரு மெலிந்த பெண், பின்னால் இரண்டு பிள்ளைகள். ரைம்கீப்பர் நின்ற இடத்திலேயே நின்றார். பாண்காரன்தான் முன்னுக்குப் போனான். மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்து, "செல்வராணி. மாலினி. சுகந்தி," என்றான். ஒரு எழுத்தும் பிசகவில்லை. பிறகு சின்னவளைக் காட்டி, டேனிஷில் என்னிடம், "இவளுக்குப் பால் கொடுக்கக் கூடாதல்லவா?" என்று கேட்டான். எப்படியோ, யாரிடமோ அர்த்தம் கேட்டு வைத்திருக்கிறான்.

செல்வராணியக்கா பயந்துபோய்க் கணவரிடம் வந்து கேட்டா, "இது ஆரப்பா?"

"என்னோட உள்ளுக்கை இருந்த பிள்ளை," என்றார் ரைம்கீப்பர்.

அதற்குப் பிறகு அவர் பல வருடம் அந்தப் பெட்டியில் இருந்தார். கழகம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. எனக்கு அதில் அக்கறை இல்லை. அவர் போனது சில வருடங்களுக்கு முந்தி. செத்தவீடு பதினொரு மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். வாழ்க்கையில் எந்த நல்லது கெட்டதுக்கும் நேரத்துக்குப் போகாத நான், பத்து ஐம்பத்தெட்டுக்குப் போய் நின்றேன். எனக்கு முன்னமே பாண்காரன் அங்கே நின்றான், தலை நரைத்து. என் உள்ளங்கையில் ஒரு பெப்பர்மின்டை வைத்தான். சரியாகப் பதினொரு மணிக்கு எல்லாம் தொடங்கியது. ஒரு இரண்டு நிமிஷம் பிந்தித் தொடங்கினால் என்ன என்று எனக்கு இருந்தது. அவர் சம்மதித்திருக்க மாட்டார்.